இரு கணினிகளும் ஒரு பிரிண்டரும்

கொடுத்து வாங்கி வாழ்வது நம் மக்களின் பழக்கம். அடுத்த வீட்டு அம்மியில் அரைத்தோம். எதிர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்தோம். ஒரு வீட்டு உரலில் ஒரு தெருவே மாவு இடித்தது. இன்று வீட்டுக்கும் பள்ளிக்கும் கணினி வந்துவிட்டது. ஆனால் விந்தையைப் பாருங்கள்! ஒரே மேசையின் மீது அருகருகே வைத்த இரண்டு கணினிகள் ஒரு பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ள மறுக்கின்றன. ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்று திறக்க மறுக்கிறது. ஒன்று விண்டோஸ் கணினி. மற்றொன்று லினக்ஸ் கணினி. இப்பிணக்கு எதனால் எழுந்தது? இதனால் அல்லலுறுவோர் யார்? இதைத் தீர்க்க நம்மால் ஆவது என்ன? இவை பற்றி நம் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர்

விண்டோஸ், லினக்ஸ் என்பவை கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள்கள். இவற்றை இயங்குதளம் என்பர். விண்டோஸ் அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடையது. விலை கொடுத்து வாங்க வேண்டியது. லினக்ஸ், 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து வளர்த்தது. யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம்.

இவ்விரண்டும் நம் மாவட்டத்து மாணவியருக்குப் புதியவை அல்ல. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மேல்நிலை மாணவ மாணவியருக்கு அவை கிடைத்தன. தமிழகம் முழுவதும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் ஒரு பக்கமும், 'பாஸ்' என்னும் லினக்ஸ் மறு பக்கமும் இருந்தன. 'பாஸ்' என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கியது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலும் விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் இரண்டையும் சொல்லித் தருகிறது. ஆக, இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆனால் ஒன்றோடொன்று பேசுவதில்லை!

பிணக்குகள் எத்தனை!

முதலாவது, கோப்புகளை வைக்கும் அறை. விண்டோஸ் தன் கோப்புகளை ஒரு முறையில் அடுக்குகிறது. லினக்ஸ் வேறு முறையில் அடுக்குகிறது. லினக்ஸ் பகுதியில் வைத்த கோப்பு, அதே மடிக்கணினியின் விண்டோஸ் பகுதியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிவதில்லை. லினக்ஸோ விண்டோஸின் அறையைத் திறந்து பார்க்கும். ஆயினும் 2012இல் வந்த எட்டாம் பதிப்பு முதல், விண்டோஸை நிறுத்தினாலும் அது முழுதும் உறங்குவதில்லை. மறுமுறை விரைவாக விழிப்பதற்காகப் பாதி நினைவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் அங்கே படிக்கலாமே தவிர எழுத இயலாது. இதை அறியாத மாணவி கணினி கெட்டுவிட்டதென்று கலங்குகிறாள்.

இரண்டாவது, பெயர். கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இட்டால் லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் சிறிய எழுத்தில் அதே பெயரும் இருந்தால் லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்புகள், விண்டோஸுக்கு ஒன்றே.

மூன்றாவது, வரி முடியும் இடம். தட்டச்சு வகுப்புக்குச் சென்ற தாய்மார் இதை எளிதில் உணர்வர். வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு வேலைகள் நடக்கும்: தாளைத் தாங்கிய உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலே ஏறும். விண்டோஸ் இன்றும் இவ்விரண்டுக்கும் இரண்டு குறிகளை எழுதுகிறது. லினக்ஸ் ஒரே குறியோடு நிறுத்திக்கொள்கிறது. இதனால் லினக்ஸில் எழுதிய கட்டுரையை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால், பல ஆண்டுகள் வரை, எல்லா வரிகளும் ஒன்றாக ஒட்டி ஒரே வரியாய்த் தெரிந்தன. 2018இல்தான் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. தட்டச்சுப் பொறியின் பழைய பழக்கம் கணினி யுகத்தையும் விடவில்லை பார்த்தீர்களா!

நான்காவது, நம் தமிழ். யூனிகோடு பரவுவதற்கு முன் செய்யப்பட்ட தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தி வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ்க் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஒரு பொது முறையை வகுத்தது. பின்னர் 2010 ஜூனில் யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவை விடாத கடைகளும் அலுவலகங்களும் நம் பகுதியில் இன்னும் உள்ளன.

ஐந்தாவது, வலையமைப்பு. இரு கணினிகளை இணைத்துவிட்டால் போதாது. லினக்ஸ் கணினியில் 'சாம்பா' என்னும் மென்பொருள் இருக்க வேண்டும். அதில் நுழையத் தனிக் கடவுச்சொல் அமைக்க வேண்டும். லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் தானாக அங்கே செல்லாது. மறுபுறம், விண்டோஸ் கணினியை நான்கு எண்கள் தட்டித் திறந்து பழகியவர்களுக்கு, அக்கணக்கின் உண்மையான கடவுச்சொல் எதுவென்றே நினைவிருக்காது. லினக்ஸ் கேட்பதோ அந்தக் கடவுச்சொல்லைத்தான். போதாக்குறைக்கு, 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் விண்டோஸின் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. அவ்வாண்டே புதிய விண்டோஸ் பதிப்பில் அந்தப் பழைய முறை நிறுத்தி வைக்கப்பட்டது. அது சரியான செயலே. ஆயினும் பழைய முறை மட்டுமே அறிந்த கணினிகள் அன்றிலிருந்து புதியவற்றின் கண்ணில் படுவதில்லை.

ஆறாவது, எல்லாவற்றிலும் பொல்லாதது, பிரிண்டர். நல்ல பிரிண்டருக்குள் ஒரு சிறு மூளை உண்டு. பக்கத்தை எப்படி அச்சிடுவது என்பதை அதுவே புரிந்துகொள்ளும். விலையைக் குறைப்பதற்காகச் சில பிரிண்டர்களில் அந்த மூளையை எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸ் கணினியின் தலையில் கட்டினார்கள். அத்தகைய பிரிண்டர், தனக்கென எழுதிய டிரைவர் மென்பொருள் இல்லாமல் ஒரு புள்ளியும் அச்சிடாது. அந்த டிரைவர் லினக்ஸுக்கு இல்லையென்றால் அவ்வளவுதான்! மலிவு என்று வாங்கியது மூலையில் உட்காரும்.

மூடி வைத்ததால் வந்த வினை

இத்தனைக்கும் காரணம் இயந்திரங்களின் பகையா? இயந்திரத்துக்கு ஏது பகை? பேசும் விதிகளை ஒருவர் தமக்குள் மறைத்து வைத்ததே காரணம் என்பது நம் கருத்து.

நம் தந்தையர் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிகின்றனர். அவர்களைக் கேளுங்கள். ஒரு பட்டறையில் கடைந்த எட்டு மில்லி போல்ட்டில் வேறொரு பட்டறையின் எட்டு மில்லி நட்டு தடையின்றி ஏறும். அதை முடுக்கப் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்தால் போதும். இரு பட்டறைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. பிறகு எப்படிப் பொருந்துகிறது? மரையின் அளவு எல்லோரும் அறிய நூலில் அச்சிடப்பட்டிருப்பதால் பொருந்துகிறது. படியும் மரக்காலும் வீசையும் ஊருக்கு ஊர் மாறிய காலம் நம் நாட்டில் இருந்தது. 1956இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. பின்னர் கிலோவும் லிட்டரும் வந்தன. பொது அளவு வந்த பின் மீஞ்சூர்க் கடைக்கும் மதுரைக் கடைக்கும் தராசு ஒன்றாயிற்று.

கணினி உலகில் நடந்ததோ வேறு. சுமார் 1980இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அளித்தது. நாம் பிரதி எடுக்கும் கடைக்கே பெயராகிப்போன அதே ஜெராக்ஸ்தான். அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், தாள் சிக்கியதும் கணினியில் இருப்பவருக்குச் செய்தி போகும்படி செய்ய எண்ணினார். முந்தைய பிரிண்டருக்கு அப்படிச் செய்தும் இருந்தார். ஆனால் புதிய பிரிண்டரின் மூல நிரல் மறைக்கப்பட்டிருந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரைக் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று தாம் வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் தைத்தது. 1983இல் அவர் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். லினக்ஸ் வளர்ந்ததும் அந்த நிலத்தில்தான். ஆம், ஒரு பிரிண்டர் செய்த தொல்லையில் பிறந்த இயக்கம் அது!

சாம்பாவின் கதையும் சுவையானது. விண்டோஸ் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிரும் விதிகள் வெளியே சொல்லப்படாதிருந்தன. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1992ஆம் ஆண்டையொட்டி, கம்பிவழி ஓடும் செய்திகளைக் கவனித்துக் கவனித்தே அவ்விதிகளைக் கண்டறிந்தார். மொழி தெரியாத ஊரின் உணவுக்கடையில் அமர்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், என்ன வருகிறது என்று பார்த்தே மொழி கற்பதைப் போன்றது இது என அவரே உவமை கூறியிருக்கிறார். அந்த விதிகளுக்கு ஆங்கிலத்தில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளே பெயர். அம்மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடினார். 'சாம்பா' கிடைத்தது. பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர் இப்படித்தான் நம் கணினிக்குள் வந்தது.

பின்னர் இது வழக்குமன்றம் வரை சென்றது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், பேசும் விதிகளை மற்றவர்களுக்கும் தருமாறு மைக்ரோசாஃப்டுக்கு ஆணையிட்டு, 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் சாம்பா குழுவுக்காக 10,000 யூரோ செலுத்தப்பட்டு விதிகளின் ஆவணங்கள் பெறப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் ஒட்டுக்கேட்டுக் கற்றதை நேரே படித்துக் கற்கும் காலம் வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டும் அதன்பின் மாறியிருக்கிறது. 2008இல் பல விதிகளை வெளியிட்டது. 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கருவிகளை இயக்க இடம் தந்தது. பென் டிரைவ்களில் பயன்படும் தன் கோப்பு முறையை 2019இல் வெளியிட்டது. திறந்து வைத்தபின் எந்த நிறுவனமும் ஏழையாகிவிடவில்லை என்பதையும் நாம் காண்கிறோம்.

யார் தலையில் விடிகிறது?

இதெல்லாம் பொறியாளர்களின் சண்டை, நமக்கென்ன என்று பெற்றோர் எண்ணலாம். ஆனால் இந்தச் சண்டையின் பாரம் வந்து இறங்குவது மாணவியின் தலையில்தான். உதவித்தொகை விண்ணப்பத்துக்கோ செய்முறை ஏட்டுக்கோ அவள் வீட்டு லினக்ஸில் இரவெல்லாம் எழுதி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி கடைத்தெருவுக்கு வருகிறாள். "இது திறக்கலம்மா, வேர்டுல போட்டுக் கொண்டா" என்கிறார் கடைக்காரர். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அடுத்தவர் வரிசையில் நிற்கிறார். 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதால் காசு மிச்சமாகலாம். போன பொழுது திரும்புமா? மறுநாள் வகுப்பில் "ஏன் தாமதம்?" என்ற கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்? விண்டோஸ், லினக்ஸ் வரலாற்றையா சொல்வாள்?

"எல்லோரும் விண்டோஸையே வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்ததே" என்பார் உண்டு. எண்ணிப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் வந்த ஏழாம் விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. பத்தாம் விண்டோஸுக்கு 2025 அக்டோபரில் பொதுவான ஆதரவு முடிந்தது. பதினோராம் விண்டோஸோ புதிய உறுப்புகள் கொண்ட கணினியையே கேட்கிறது. வீட்டில் உள்ள பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாமல் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு லினக்ஸே வழி. புதிது வாங்க எத்தனை பெற்றோரால் இயலும்?

"அப்படியானால் எல்லோரும் லினக்ஸுக்கு வந்துவிடட்டும்" என்பாரும் உண்டு. அதுவும் ஆகாது. தொழிற்பேட்டையின் கணக்கு அறைகளில் டேலி மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. நாளை அங்கே வேலைக்குப் போக இருப்பவர்கள் நம் மாணவியரே. மேலும், ஐயம் கேட்டு வருபவரிடம் பத்து வரிக் கட்டளையை எழுதிக் கொடுத்து, "இதுகூடத் தெரியாதா?" என்று நகைக்கும் லினக்ஸ் அறிஞர்களும் கதவை மூடுகிறவர்களே. அறிவு திறந்திருந்தால் போதாது. அதைச் சொல்லும் வாயும் கனிவாயிருக்க வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே இரண்டும் இருக்கட்டும். இரண்டுக்கும் பொதுவானதை நாம் பிடித்துக்கொள்வோம். நம் யோசனைகள் இவை.

ஒன்று: அச்சிடவோ ஒப்படைக்கவோ வேண்டிய ஏட்டை பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக் கொடுப்போம். 2008இல் அது உலகத் தர அமைப்பின் பொதுத் தரமாயிற்று. எந்தக் கணினியிலும் எழுத்து இடம் பெயராது. மேலும் திருத்த வேண்டிய ஏட்டை, ஓபன் ஆபீஸ் பயன்படுத்தும் பொது வடிவில் வைத்திருப்போம். இன்றைய வேர்டும் அதைத் திறக்கும்.

இரண்டு: தமிழை யூனிகோடில் மட்டுமே தட்டச்சுச் செய்வோம். நம் ஆண்டுமலருக்கு வரும் கட்டுரைகளுக்கும் இதையே விதியாக்கலாம்.

மூன்று: பள்ளிக்கோ வீட்டுக்கோ பிரிண்டர் வாங்குமுன் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். தனி டிரைவர் இல்லாமல் அச்சிடும் வகையா என்று கேட்போம். 2013இல் கேனன், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகியவை சேர்ந்து தொடங்கிய 'மோப்ரியா' அமைப்பின் முத்திரை அதற்கு ஓர் அடையாளம். 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும், நிறுவனத்துக்கு ஒன்றாக வரும் டிரைவர் முறையைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. காற்று அத்திசையில்தான் வீசுகிறது.

நான்கு: பிரிண்டரை ஒரு கணினியின் முதுகில் கட்டி வைக்காமல், வலையமைப்பில் நேரே இணைப்போம். அப்போது அது எந்தக் கணினிக்கும் அடிமையில்லை. விண்டோஸ் நின்றிருந்தாலும் லினக்ஸிலிருந்து அச்சிடலாம். இரண்டும் நின்றிருந்தால் கைப்பேசியிலிருந்தும் அச்சிடலாம்.

ஐந்து: கணினி அறையில் எல்லோருக்கும் ஒரு பொது அடைவு அமைத்து, அதற்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்துச் சுவரில் அல்லாமல் பொறுப்பாசிரியையின் ஏட்டில் எழுதி வைப்போம். வேலை நடந்தால் போதும் என்று, ஓட்டை விழுந்த பழைய பகிர்வு முறையை மட்டும் உயிர்ப்பிக்க வேண்டாம்.

ஆறு, எல்லாவற்றினும் முதன்மையானது: கோப்பின் வடிவத்தைக் காரணம் காட்டி எந்த மாணவியின் உழைப்பையும் திருப்பி அனுப்ப வேண்டாம். பெரியவர்களிடமும் நிறுவனங்களிடமும் வசதி உண்டு. திறக்கும் பொறுப்பு அவர்களுடையது. இருப்பதைக் கொண்டு எழுதிய சிறுமியிடம் இல்லாததைக் கேட்பது நியாயமாகாது.

அன்பு மாணவியரே! விதி மறைந்திருக்கும் இடத்தில் வலியவன் வாழ்வான். விதி வெளிப்பட்டிருக்கும் இடத்தில் எல்லோரும் வாழ்வர். பகிராத பிரிண்டர் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் நீங்கள் அமர்வீர்கள். அன்று விற்பனையாளர் வந்து விலையையும் அழகையும் விரித்துரைப்பார். "இது மற்றவற்றோடு பேசுமா? பேசும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்று அவரைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, பென் டிரைவோடு கடை வாசலில் நிற்கும் எத்தனையோ பெண்களின் பொழுதைக் காப்பாற்றும்.